மீன்கொத்தியின் நீலத்தைத் திருத்தப் போய்

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை நீக்கும் ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது நாள். 2021 பிப்ரவரி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், மாட்டியிருந்த என்னுடைய மீன்கொத்திப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண்ணை ஒரு கையால் பொத்தினார். அப்புறம் வலது கண்ணை. மறுபடியும் இடது கண்ணை.

"எம்மா, இங்க வா. இந்தப் பழைய கண்ணுல பாத்தா நம்ம குளத்து மீங்கொத்தி. புதுக் கண்ணுல பாத்தா யாரோ சாயம் ஊத்துன மீங்கொத்தி. எது நெசம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படத்தை எடுத்தவளும் நான், திருத்தியவளும் நான். பார்த்தவர்கள் எல்லோரும் "நல்ல எடுப்பா இருக்கு" என்று சொன்ன படம் அது. அந்த நீலத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

புரை விழுந்த கண்ணில் லென்ஸ் மெல்ல மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகிக்கொண்டே போகும். உள்ளே வரும் ஒளியில் நீலத்தை அது வடிகட்டிவிடும். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் யாருக்கும் அது தெரிவதில்லை. அந்த லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸ் வைத்ததும் நீலம் பளிச்சென்று வந்து நிற்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் முடிந்தவர்களால் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடியும். அப்பா செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

அன்று மாலையே பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். 2019 டிசம்பரில், திருநெல்வேலி நயினார்குளத்தில், மேகம் மூடிய ஒரு காலையில் எடுத்த வெண்மார்பு மீன்கொத்தி. அதை நான் திருத்தியது ராத்திரி பதினொரு மணிக்கு மேல். என் மடிக்கணினியில் 'நைட் லைட்' என்கிற வசதியைக் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று எப்போதோ ஆன் செய்து வைத்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் திரை தானாகவே மஞ்சளுக்கு மாறிவிடும். அந்த மஞ்சள் திரையில் மீன்கொத்தியின் முதுகு மங்கலாகத் தெரிந்திருக்கிறது. நான் நீலத்தை ஏற்றியிருக்கிறேன். போதவில்லை என்று இன்னும் ஏற்றியிருக்கிறேன். அப்பாவின் கண்ணிலிருந்த மஞ்சள் அன்று என் திரையிலும் இருந்தது. இரண்டு மஞ்சளும் ஒத்துப்போனதால்தான் அவருடைய பழைய கண்ணுக்கு அந்தப் படம் சரியாகத் தெரிந்தது.

படத்தைத் திருத்துவதைப் பற்றி நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் நான்கு வருடம் படம் எடுத்திருந்தேன். 2017-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமராவும், அப்புறம் சீட்டு எடுத்து ஒரு 150-600 மி.மீ. லென்ஸும் வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் ஸ்கூட்டரை எடுத்தால், நயினார்குளம், விஜயநாராயணம், கூந்தன்குளம் என்று ஏதாவது ஒரு கரையில் போய் நிற்பேன். எடுக்கத் தெரிந்திருந்தது. எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்பதைக் கைபோன போக்கில் செய்துகொண்டிருந்தேன்.

அதனால் திரையிலிருந்தே தொடங்குகிறேன். நைட் லைட், கண் பாதுகாப்பு, ட்ரூ டோன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, படத்தில் கை வைப்பதற்கு முன் அணைத்துவிட வேண்டும். போனில் திருத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல போன்களில் 'விவிட்' என்று ஒரு திரை அமைப்பு இருக்கும். வாங்கும்போதே அது ஆனில் இருக்கும். எல்லா நிறத்தையும் அது தானாகவே கூட்டிக் காட்டும். அதை 'நேச்சுரல்' என்பதற்கு மாற்றிவிட்டுத் திருத்தினால், நீங்கள் பார்ப்பதும் அடுத்தவர் போனில் தெரிவதும் ஓரளவு நெருங்கி வரும்.

வெளிச்சத்தில் நான் பட்டது தனிக் கதை. கூந்தன்குளத்தில் எடுத்த சங்குவளை நாரைப் படம் ஒன்றை 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். திரையில் பால் மாதிரி வெள்ளையாக இருந்த நாரை, பேப்பரில் ஐப்பசி மேகம் மாதிரி வந்தது. பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் பிரிண்ட் போடும் ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் கேட்டேன். முப்பது வருடம் கல்யாண ஆல்பம் போட்ட கை அவருடையது.

"திரை வெளிச்சத்த எவ்வளவுல வச்சு பாக்கியம்மா?"

"நூறுல, அண்ணாச்சி."

"அதான். வெளக்க எரிய விட்டு படம் பாத்துட்டு, வெளக்கு இல்லாத தாளுல அதே வெளிச்சம் வரணும்னா எப்படி வரும்? பாதிக்குக் கீழ எறக்கு. பக்கத்துல ஒரு வெள்ளத் தாள வையி. தாளோட வெள்ளையும் திரையில உள்ள வெள்ளையும் ஒண்ணுபோலத் தெரியிற வரைக்கும் எறக்கு."

அதற்கென்று கருவிகள் இருக்கின்றன. திரையின் மேல் வைத்து அளந்து நிறத்தையும் ஒளியையும் சரிசெய்து தரும். பிரிண்டுக்குத் தயார் செய்கிறவர்கள் ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை திரையொளி வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் அண்ணாச்சி சொன்ன வெள்ளைத்தாள் வழியே எனக்கு முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டது. என் மேசை ஜன்னலோரம். பகலில்தான் திருத்துகிறேன், வெயில் நேரே திரையில் விழாத நேரமாகப் பார்த்து. ராத்திரி திருத்தியே ஆகவேண்டும் என்றால் அறையில் வெள்ளை விளக்கு எரியும். கும்மிருட்டில் உட்கார்ந்தால் மங்கலான படம்கூடப் பளிச்சென்றுதான் தெரியும்.

இனி பறவைக்கு வருகிறேன். வெளிச்சத்தைக் கூட்டுவது திரையில் செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் அது குளத்துக்கரையில் செய்யும் வேலை.

கூந்தன்குளத்துக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஊரும் சரணாலயமும் வேறு வேறு இல்லை. நாங்குநேரிப் பக்கம், மணிமுத்தாறு தண்ணீர் வந்து நிறையும் குளம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், இப்போது முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் தெருவுக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து வந்திருக்கின்றன. கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், மேலே நாரைக்குஞ்சு இரை கேட்டுக் கத்திக்கொண்டிருக்கும். இத்தனை பக்கத்தில் பறவை கிடைக்கும் இடத்தில் படம் சுலபம் என்றுதான் தோன்றும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை அதுதான் மிகக் கடினமான இடம். மரத்தடியில் நின்று அண்ணாந்து எடுக்கிறோம். பறவைக்குப் பின்னால் வெளுத்த வானம். பறவையோ வெள்ளை. வயிற்றுப் பக்கம் முழுக்க நிழல்.

கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். வானம் அதிகமாக இருந்தால் வானத்தைச் சாம்பலாக்கும், பறவை கரிக்கட்டையாகும். கறுத்த தண்ணீருக்கு முன் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால் தண்ணீரைச் சாம்பலாக்கும், கொக்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இரண்டையும் நாம்தான் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்கிற அந்தச் சின்னச் சக்கரத்தை, வானத்தில் பறக்கும் பறவைக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டுகிறேன் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்காகும், குறைத்தால் பாதியாகும்). இருண்ட பின்னணியில் நிற்கும் கொக்குக்கு முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்கிறேன். நாலைந்து படம் எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை, ஒரு தடவை பார்த்துவிடுவேன். வலது ஓரத்தில் மலை மாதிரி முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளை போய்விட்டது என்று அர்த்தம். இப்படி வெளிச்சம் மிஞ்சி வெந்துபோன பகுதி கண்சிமிட்டும் எச்சரிக்கை பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதை ஆன் செய்யாமல் வெள்ளைப் பறவையை எடுக்கவே கூடாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நிழலில் மறைந்ததை மீட்கலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. அந்த இடத்தில் இறகு என்ற தகவலே பதிவாகவில்லை. திருத்தும்போது, வெளிச்சமான இடங்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஹைலைட்ஸ் ஸ்லைடரை எவ்வளவு இறக்கினாலும் வெள்ளை, சாம்பல் வெள்ளையாக மாறும், அவ்வளவுதான். முதல் இரண்டு வருடத்தில் நான் எடுத்த கொக்குகளில் பாதிக்கு மேல் இப்படிப் போனவை. அவற்றில் ஒன்று, குஞ்சுக்கு இரை ஊட்டும் தருணம். திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. இன்றும் அந்த ஃபைலைத் திறந்து பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

கேமரா தானாகச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் எடுக்காமல், பதிவானதை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. அரிசி மூட்டை நிறைய இருந்தால் அள்ளி அள்ளிப் போடலாம், அரைக்கிலோதான் இருக்கிறது என்றால் நாலு பிடியில் அடி தெரிந்துவிடும். நிழலிலிருக்கும் வயிற்றுப் பகுதியை இரண்டு ஸ்டாப் தூக்கினால், ஜேபெக்கில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ராவில் நாய்ஸ் என்கிற புள்ளிப் புள்ளியான பிசிறு கொஞ்சம் வரும், இறகு இருக்கும். இந்த ஃபைலைத் திறக்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. நான் இரண்டு வருடம் டார்க்டேபிள் என்கிற இலவச மென்பொருளில்தான் வேலை செய்தேன். போனில் திருத்துகிறவர்களுக்கு ஸ்னாப்ஸீடும் சில வகை ரா ஃபைல்களைத் திறக்கும்.

திறந்ததும் நான் முதலில் தொடுவது எக்ஸ்போஷர், அதாவது படத்தின் பொது வெளிச்சம். மொத்தப் படத்தையும் பார்க்காமல் பறவையின் முகத்தை மட்டும் பார்த்து ஏற்றுவேன், இறக்குவேன். கண்ணும் அலகும் தெளிந்தால் நிறுத்திவிடுவேன். பின்னணி வெளுத்தால் வெளுக்கட்டும். அடுத்து ஹைலைட்ஸைக் கொஞ்சம் இறக்குவேன். நிழலான இடங்களை வெளுக்க வைக்கும் ஷேடோஸைத் தூக்குவது கடைசியில்தான். பலர் முதலில் ஷேடோஸைப் பிடித்து நூறு வரை இழுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அப்படிச் செய்தால் கறுப்பு என்பதே படத்தில் இல்லாமல் போய், பறவை புகைக்குள் நிற்பது போலாகிவிடும். ஒரு கரிச்சான் குருவியை அப்படி நான் சாம்பல் குருவியாக்கியிருக்கிறேன். கரிச்சான் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். அதன் சிவந்த கண் தெரியும் அளவுக்கு, வாலின் பிளவு பின்னணியிலிருந்து பிரியும் அளவுக்கு வெளிச்சம் போதும். அப்புறம் பிளாக்ஸ் ஸ்லைடரைக் கொஞ்சம் கீழே இறக்கி, அந்தக் கறுப்பைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும்.

பறவைக்கு மட்டும் வெளிச்சம் வேண்டும், பின்னணிக்கு வேண்டாம் என்றால் மாஸ்க், அதாவது படத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்தும் வழி. இப்போது லைட்ரூம் போன்றவற்றில் ஒரு தட்டு தட்டினால் பறவையைத் தானாகவே பிரித்துத் தந்துவிடுகிறது. வசதிதான், ஆனால் ஓரங்களை நம்ப முடியாது. நாரையின் கால்களுக்கு நடுவே தெரியும் வானத்தையும், கொக்கின் முதுகில் தொங்கும் மெல்லிய இனப்பெருக்க இறகுகளையும் அது அடிக்கடி தவறவிடும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஓரம் முழுக்க ஒரு சுற்று வந்து பார்க்கிறேன். பறவையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி ஒரு வெளுத்த கோடு தெரிந்தால், நான் தேவைக்கு மேல் தூக்கியிருக்கிறேன் என்று அர்த்தம். பெரும்பாலும் அரை ஸ்டாப்புக்கு மேல் பறவையை மட்டும் தனியே தூக்குவதில்லை. அதற்கு மேல் போனால் பறவையை வெட்டி ஒட்டியது போலத் தெரிய ஆரம்பிக்கிறது.

நிறத்துக்கு வந்தால், முதல் வேலை ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்வது. இதற்கு முன் நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனில் கை வைத்தால் எல்லாம் தப்பாகப் போகும். மேகம் மூடிய காலையில் படத்தில் நீலம் ஏறியிருக்கும். அடர்ந்த மரத்துக்குக் கீழே எடுத்தால் இலை வழியே வரும் வெளிச்சம் பறவையின் வயிற்றைப் பச்சையாக்கிவிடும். அதற்கு, பச்சைக்கும் மெஜந்தா என்கிற செவ்வூதாவுக்கும் இடையே நகரும் டிண்ட் ஸ்லைடரைக் கொஞ்சம் மெஜந்தா பக்கம் தள்ள வேண்டும்.

நம் குளங்களில் ஒரு பெரிய வசதி, எங்கே பார்த்தாலும் கொக்கு நிற்கும். அதே வெளிச்சத்தில், அதே நேரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்து வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும், தொட்ட இடத்தை வெள்ளையாகக் கொள்ளும் ஒயிட் பேலன்ஸ் பிக்கரை அதன் இறகின் மேல், வெந்துபோகாத, லேசாக நிழல் விழுந்த இடமாகப் பார்த்து வைத்துச் சொடுக்கினால், அன்றைய வெளிச்சத்தின் அளவு கிடைத்துவிடும். அதே எண்ணை மற்ற படங்களுக்கும் போடுகிறேன். ஆனால் விடிந்த உடனே எடுத்த படங்களுக்கு இதைச் செய்யக் கூடாது. அந்த நேரத்துக் கொக்கு நிஜமாகவே பொன்னிறமாகத்தான் இருக்கும். அதை வெள்ளையாக்கினால், நாம் நாலு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்த அந்த விடியலே படத்தில் இல்லாமல் போய்விடும். அந்தப் படங்களில் பாதி மஞ்சளை விட்டுவைக்கிறேன்.

நிறத்தில் நான் கொடுத்த பெரிய விலை ஒரு பச்சைக்காலி. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் ஒரு குழுவோடு போயிருந்தேன். மாலை வெயிலில் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பறவையை எடுத்தேன். வீட்டில் அதற்கு இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு சேர்த்து, சாச்சுரேஷனையும் ஏற்றி, குழுவில் இருந்த மூத்தவர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டார்: "கால் ஆரஞ்சா இருக்கே. பவளக்காலியா? ஆனா அலகு பச்சைக்காலி மாதிரி மேல வளைஞ்சிருக்கே." பவளக்காலிக்குக் கால் சிவப்பு, பச்சைக்காலிக்கு மங்கிய பச்சை. பெயரே காலை வைத்துத்தான். அந்தக் காலின் நிறத்தை நான் மாற்றி அனுப்பியிருந்தேன். திருத்தாத ஃபைலை அனுப்பிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. அவர் கோபப்படவில்லை. "கணக்குக்குப் போற படத்துல வெளிச்சத்த மட்டும் தொடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து பதிவுக்குப் போகும் படத்தைத் தனியாக வைக்கிறேன். அதில் ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் தவிர வேறு எதுவும் தொடுவதில்லை. காலும் அலகும் கண்ணைச் சுற்றிய வளையமும்தான் பல நேரம் பறவைக்கு அடையாளம். அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

சாச்சுரேஷனும் வைப்ரன்ஸும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் கூட்டும். வைப்ரன்ஸ், ஏற்கெனவே அடர்ந்த நிறத்தை அதிகம் தொடாமல் மங்கலானவற்றைத் தூக்கும். சங்குவளை நாரைக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதன் வாலை ஒட்டி ரோஜா நிறத்தில் கொஞ்சம் இறகு இருக்கும், மூக்கு மஞ்சள், முகம் ஆரஞ்சு. சாச்சுரேஷனை ஏற்றினால் முகம் எரிய ஆரம்பிக்கும், ரோஜா நிறம் பக்கத்து வெள்ளையிலும் ஒட்டிக்கொள்ளும். வைப்ரன்ஸைப் பத்து, பதினைந்து ஏற்றினால் அந்த ரோஜா மட்டும் மெல்ல எழும்பி வரும். பத்து, பதினைந்து என்று சொன்னது நான் வழக்கமாக நிற்கும் எல்லை. படத்துக்குப் படம் மாறும்.

மீன்கொத்தியில்தான் இன்னொரு விஷயம் புரிந்தது. மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காக இருக்கும், முதுகில் மட்டும் இறகு வரியே தெரியாமல் நீலப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். ஏனென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நீலம் மட்டும் ஓரத்தில் போய் முட்டியிருக்கும். அந்த நேரத்தில் நீலத்தைக் கூட்டுவது மேலும் கெடுக்கும். நீலத்தின் லூமினன்ஸையும் (ஒளிர்வையும்) சாச்சுரேஷனையும் கொஞ்சம் இறக்கினால், மறைந்திருந்த இறகு வரி திரும்ப வரும். படம் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். நிறத்தைக் குறைத்து எடுப்பாக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டதும் உதவியது. மீன்கொத்தியின் இறகில் நீலச் சாயம் எதுவும் இல்லை. இறகுக்குள்ளே மிக நுண்ணிய காற்றறைகள் பஞ்சு மாதிரி அமைந்திருக்கின்றன. அவை நீல ஒளியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு தடவை குளத்துப் படித்துறையில் ஓர் இறகு கிடந்தது. வெயில் என் முதுகுப் பக்கம் இருக்கும்படி பிடித்துப் பார்த்தேன், கண்ணைப் பறிக்கும் நீலம். சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், பழுப்பு. நீலம் இருந்த இடமே தெரியவில்லை. நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எதிர்வெயிலில் எடுத்த மீன்கொத்திகளை, பனங்காடைகளை நான் நீலமாக்குவதில்லை. அந்த வெளிச்சத்தில் அவை அப்படித்தான் இருந்தன. ஊதாத் தேன்சிட்டும் இப்படித்தான். நிழலில் வெறும் கறுப்பு, வெயில் பட்டு ஒரு கோணத்தில் திரும்பும்போது மட்டும் ஊதாவும் பச்சையும் மின்னும். நிழலில் எடுத்த கறுப்புத் தேன்சிட்டை ஸ்லைடரால் ஊதாவாக்க முடியாது, ஊதா கலந்த சாம்பல்தான் வரும். பறவை திரும்பும் வரை காத்திருப்பதுதான் வழி. பூநாரையின் கதை வேறு. அதன் நிறம் தின்னும் இரையிலிருந்து, பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் இருக்கும் கரோட்டினாய்டு நிறமியிலிருந்து வருகிறது. இளம் பறவைகள் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். கூட்டமாக எடுத்த படத்தில் எல்லாவற்றையும் ஒரே ரோஜா நிறமாக்கினால், எது குஞ்சு எது பெரியது என்று தெரியாமல் போய்விடும்.

நாய்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாய்ஸை முதலில் குறைத்துவிட்டு, ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கைக் கடைசியில், பறவைக்கு மட்டும் கொடுப்பது நல்லது. இப்போது வந்திருக்கும் தானியங்கி நாய்ஸ் நீக்கிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் முழு அளவில் வைத்தால் இல்லாத இறகு வரியை வரைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாதியில் நிறுத்துகிறேன். கடைசியில், பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்கிற நிறவெளியில் சேமித்தால் போனிலும் பிரிண்ட் போடும் லேபிலும் நிறம் பெரிதாக மாறாது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு ராத்திரி படத்தை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் திருத்தாததையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரே படத்தை அரை மணி நேரம் உற்றுப் பார்த்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும். காலையில் பார்க்கும்போது பெரும்பாலும் எல்லா ஸ்லைடரையும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அப்பாவுக்கு இடது கண்ணிலும் ஆபரேஷன் ஆயிற்று. அதற்குள் அந்த நயினார்குளத்து மீன்கொத்தியை முதலிலிருந்து மறுபடி திருத்தியிருந்தேன். நீலம் கொஞ்சம் கூட ஒன்று, குறைய ஒன்று என்று இரண்டு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பட்டாசலில் விளக்கு மஞ்சளாக எரியும், அதனால் முற்றத்து வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் இரண்டையும் கையில் கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். எழுபது வருடம் வயக்காட்டிலும் குளத்தங்கரையிலும் பறவை பார்த்த மனிதர்.

"ரெண்டும் இல்லம்மா" என்றார்.

"ஏம்ப்பா?"

"தண்ணியில விழுந்து மீனக் கவ்விக்கிட்டு எழும்பும்லா, ரெக்கய விரிச்சு, அப்ப உள்ள நீலம் இது. இது சும்மா கம்புல உக்காந்துருக்கு. மழ மோடமா வேற இருக்கு. உக்காந்துருக்கறப்போ இம்புட்டு இருக்காது. நெஞ்சு வெள்ளயத்தான் தூரத்துலயே தெரியும், அப்புறம் செவந்த மூக்கு. நீலம் கிட்டக்க போனாத்தான்."

திரும்பி வந்து நீலத்தின் சாச்சுரேஷனை இன்னும் எட்டுப் புள்ளி இறக்கினேன். மார்பின் வெள்ளையை மட்டும் ஒரு சின்ன மாஸ்க்கில் கால் ஸ்டாப் தூக்கினேன். பின்னணியில் இருந்த தண்ணீரை, அன்றைக்கு இருந்த மாதிரியே, ஈயப் பாத்திர நிறத்துக்கு விட்டுவிட்டேன். அண்ணாச்சி பிரிண்டை வெட்டிக் கொடுக்கும்போது, "என்னம்மா, இந்தத் தடவ சாதாரணமா இருக்கு" என்றார். அதே பிரேமில், பழைய படத்துக்கு மேலேயே இதை வைத்து மூடினேன். இப்போது பட்டாசலில் இருப்பது அதுதான்.